புருவத்தில் ஓர் ஆமாம்

அப்பாவின் குரல் நிமிடத்துக்கு இரண்டு டாலர். பேரம் கிடையாது. ‘அடேயப்பா, கொள்ளை விலை!’ என்கிறவர்களின் அப்பாக்கள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள்.

ரொய்தியின் அப்பா சரக்குக் கப்பலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. மாதத்தில் ஒருநாள், பசிபிக் தீவான பெசியோவின் துறைமுக அலுவலகத்திலிருந்து கப்பலுக்குப் பேசலாம். மூன்றே நிமிடம்.

இந்த மாதம் தொலைபேசிக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஹெதர்.

“அண்ணன்கிட்ட பேசணுமா தம்பி?”

வரிசையில் முதலில் நின்ற தெகியேரா இரண்டு புருவங்களையும் உயர்த்தினான். கிரிபாஸ் தீவுகளில் அதைவிடத் தெளிவாக ‘ஆமாம்’ சொல்ல முடியாது.

“பேசணுமா, வேண்டாமா?”

இன்னும் உயர்த்தினான். புருவம் போய் முடியில் முட்டியது.

“வேண்டாம்போல. அடுத்து!”

தெகியேரா ஓரமாக ஒதுங்கி, பின்னால் நின்ற ரொய்தியிடம் முணுமுணுத்தான். “அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலடி.”

“உனக்கு? அப்பாகிட்ட பேசணுமா?” ஹெதர் அவளைக் கேட்டார்.

ரொய்தியின் புருவம் தானாக ஏறியது.

ஹெதர் பேனாவை வைத்தார். “என்ன பிள்ளைங்களோ! ஒரு வார்த்தை பேசாம முறைக்குதுங்க.” அடுத்த பெயரைத் தேடினார்.

போச்சு. இனி அடுத்த மாதம்தான்.

அப்போதுதான் ரொய்திக்கு உறைத்தது. கேள்வி கேட்டபோது ஹெதர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊரில் பதில் அங்கிருந்துதான் வரும்போல. பாவம், வராத படகுக்குக் காத்திருக்கிறார்!

பெரியவர்கள் முன்னால் கத்துவது மரியாதை இல்லை. இருந்தும் கத்தினாள்: “ஆமாம்!”

“கப்பல் சங்கு தோத்துச்சு போ,” என்றான் தெகியேரா.

“உனக்கும் சேர்த்துத்தான்டா கத்தினேன்.” ரொய்தி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். “எங்க ஊர்ல இதுதான் ஆமாம், அக்கா. அவன் ரெண்டு தடவை சொன்னான்.”

ஹெதரின் முகம் சிவந்தது. “ஐயோ, முறைக்கிறான்னுல்ல நினைச்சேன்!”

தெகியேராவைக் கூப்பிட்டு முதலில் பேசவைத்தார். பிறகு ரொய்தியின் காதில் அப்பா வந்தார்.

“சாப்பிட்டியாடா?”

புருவத்தை உயர்த்தினாள்.

“மீன் கிடைச்சுதா?”

உயர்த்தினாள்.

ஹெதர் பதறினார். “வாயால சொல்லும்மா! அவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்,” என்றாள். அந்தப் பக்கம் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட இன்னும் மூன்று கேள்விக்கும் புருவம்தான் பதில் சொன்னது.

மூன்றாவது நிமிடம் தீரப்போகிறது. இத்தனை நாளாய்க் கேட்காமல் வைத்திருந்ததை ரொய்தி கேட்டுவிட்டாள். “புதுவருசத்துக்கு வந்துடுவியாப்பா?”

பதில் இல்லை. கடலின் இரைச்சல் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

“லைன் கட்டாயிடுச்சும்மா,” என்றார் ஹெதர் மெல்ல.

“இல்லக்கா. அப்பா பதில் சொல்லிட்டார்.”

வீடுவரை மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்பா கேட்டது ஐந்து. ஐந்துக்கும் பதில் கொடுத்தாயிற்று. அவள் கேட்டது ஒன்று. அதற்கு வரவு, ஒரு புருவம். அதை நேரில் பார்ப்பதுதான் பாக்கி.