மக்வாலாவின் தலைத்துணி

ஸ்வனேத்தி மலையில் தை பிறந்துவிட்டால் செத்தவர்கள் சாப்பிட வருவார்கள். வாசல் பனியைத் தள்ளி, கதவைத் திறந்து வைத்து, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சொந்தக்காரர் வருவதுபோலத்தான், யாரும் பயப்படுவதில்லை.

"வாங்க பெஷ்கென், உள்ள வாங்க," என்றாள் மக்வாலா. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அவள் கணவன் பெஷ்கெனை ஓடைக்கு அந்தப் பக்கத்து உஷ்லியானி வீட்டார் சுட்டுக் கொன்று இருபது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இவன் அவர்களில் ஒருவனைச் சுட்டான். அதற்கும் முன்னால் அவர்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஊர்க் கிழவர்களே முழிப்பார்கள்.

ஈரத் தோலும் வெடிமருந்தும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்தது. காலி பெஞ்சு கிறீச்சிட்டது. வந்துவிட்டான்.

கறி ரொட்டியை வைக்கப் போனவள் மேசையைப் பார்த்தாள்.

"ஒதார்... என்னடா அது?"

"அப்பாவோட துப்பாக்கிம்மா. பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு வெச்சேன்," என்றான் மகன்.

"அடப்பாவி! ஆவிங்க சாப்பிடுற மேசையில கத்தியக்கூட வைக்க மாட்டோமேடா. ஆயுதத்தையா கையில குடுத்த?"

துப்பாக்கி தானாக நகர்ந்தது.

மகன் பக்கம்.

அவன் எடுத்துக்கொண்டான். கண் அவனுடையதுதான். பார்வை அவனுடையது இல்லை.

"உஷ்லியானி பையன் தொழுவத்துல தனியா இருக்கான்."

பேசியது பெஷ்கெனின் குரல்.

போனால் அங்கே ஒரு பிணம். பனி உருகுவதற்குள் இங்கே ஒரு பிணம். அவளுக்கு இருப்பதோ இவன் ஒருவன். மக்வாலா தலைத்துணியை உருவி வாசற்படியில் வீசினாள். சண்டைக்கு நடுவே பெண்பிள்ளை தலைத்துணியை எறிந்துவிட்டால் அந்த மலையில் எந்த ஆணும் அதைத் தாண்டக் கூடாது. அது தரையில் கிடக்கிறவரைக்கும் சண்டை இல்லை.

விளக்கு அணைந்தது.

"யோவ்! உசிரோட இருந்தப்ப இதைத் தாண்டாத ஆளு நீ. செத்ததும் வெக்கமும் செத்துப்போச்சா? தாண்டு பார்க்கலாம்!"

மகனின் கால் துணிக்கு மேலே தூக்கியபடி நின்றது. நடுங்கியது.

"பசின்னு வந்தா ரொட்டி போடுறேன். என் பிள்ளையப் போட மாட்டேன்!"

துப்பாக்கி தொப்பென்று விழுந்தது.

"அம்மா... குளிருதும்மா," என்றான் ஒதார். அவனுடைய சொந்தக் குரலில். அவனைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள்.

சித்திரையும் வந்தது. மலைச்சரிவில் பனி உருகி ஓடைக்குப் போய்விட்டது. மக்வாலா இன்னும் துணியை எடுக்கவில்லை. ஊர் என்ன பேசினாலும் வெறுந்தலையோடுதான் நடமாடுகிறாள். அம்மாவும் பிள்ளையும் தங்கள் தொழுவத்துக் கதவு வழியாகப் போய்வருகிறார்கள்.

காலையில் எழுந்தால் துணியின் விளிம்பை ஒட்டி, வீட்டின் உட்பக்கமாக, ஒரு ஜோடி ஆண் பாதங்களின் அளவுக்குப் புதுப்பனி கிடக்கும்.

"நிக்கிறதா இருந்தா நில்லு. நானும் எங்கயும் போகப்போறதில்ல," என்று சொல்லிப் பெருக்கித் தள்ளுவாள்.

மறுநாளும் அது அங்கே கிடக்கும். இன்றுவரை துணியைத் தாண்டியதில்லை.