கிடா போன வழி

"கிடாயைக் காணோம்! ஐயோ, என் கிடாயைக் காணோம்!"

ஜுமகுல் அக்காவின் குரல் நிலவறையில் கிளம்பி ஒன்பது மாடியும் ஏறியது. மறுநாள் அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்து. அதற்கென்று வசந்தத்திலேயே வாங்கிக் கொழுக்க வளர்த்த கிடா. முந்தின மாலை கட்டடத்தின் நிலவறையில் விட்டு, அவரே பூட்டிவிட்டுப் போனார். காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தால் உள்ளே கொஞ்சம் வைக்கோலும் நிறையப் புழுக்கையும்தான்.

எட்டாவது மாடியில் கானிஷாய்க்கும் இந்தக் கூச்சல் கேட்டது. ஆனால் எட்டிப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. அப்போது அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

அதாவது, அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தேநீர்க் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் தட், தட், தடதட என்று அடி விழ ஆரம்பித்தது. பழகிய விருந்தாளிதான். கிண்ணத்தை வைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள். நாடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அரசாங்க ஊழியரைப் போலச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. அடியோ மண்டையில் தடதடத்தது.

'போச்சு. நெஞ்சில இருந்த வியாதி தலைக்கு ஏறிடுச்சு' என்று நினைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் அடி நின்றது.

கானிஷாய் பூகோள ஆசிரியை. அமேசானின் கிளை நதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பிஷ்கெக் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் தன் வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் அவளால் முடியவில்லை. போன வருஷம் சந்தையில், காரட் குவியலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே முதல் தாக்குதல் வந்தது. மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பரிசோதித்த மருத்துவர், "எல்லாம் சரியா இருக்கு. கல்யாணம் பண்ணிக்கோங்க" என்று மருந்து எழுதினார். பிறகு பேருந்து பயமானது, தெரு பயமானது, கடைசியில் கட்டடத்தின் முன்கதவே பயமானது. இப்போது பாடமெல்லாம் கணினி வழியாகத்தான்.

மனநல மருத்துவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். மூன்று முறை போய்ப் பேசினால் ஒரு முழுக் கிடாயின் விலை ஆகும். அதையும் எப்படியோ புரட்டினாலும், வெளியே போக பயம் என்று அவரிடம் சொல்வதற்கு வெளியேதான் போக வேண்டும்.

ஆகவே ஏழைக்கேற்ற வைத்தியம் ஒன்று செய்துகொண்டாள். இதே பயத்தோடு இருப்பவர்கள் தொலைபேசியில் ஒரு குழு நடத்தினார்கள். "நாடியைப் பாரு, ஓடாத, பயம் வந்து உக்காந்து எழுந்து போற வரைக்கும் அங்கயே நில்லு" என்று அதில் சொல்லிக்கொடுத்தார்கள். கூட நிற்க ஒரு ஆள் வேண்டுமே? கட்டடத்தைப் பெருக்கும் ஒஸ்கோன் அண்ணன் வந்து நின்றார். சாயங்காலங்களில் அவள் ஒரு மாடி இறங்கி நிற்பாள். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, யார் வீட்டுக் குப்பையில் என்ன கிடந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். இப்படியே மூன்றாவது மாடிவரை வந்திருந்தார்கள்.

அந்த ஒஸ்கோன் அண்ணனைத்தான் இப்போது கட்டடமே சுற்றி நின்றுகொண்டிருந்தது. கானிஷாய் ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். இரவு பெய்த பனியில் முற்றம் வெள்ளையாகக் கிடந்தது. கதவிலிருந்து தெருவரை மட்டும் அவர் பெருக்கிய பாதை. பக்கத்தில் போலீஸ் ஜீப்.

அரை மணி கழித்து அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லெப்டினன்ட் பெலெக், வயது முப்பதிருக்கும். மூச்சு இரைத்தது.

"லிஃப்ட் வேற வேலை செய்யல" என்றான். "கதவைத் திறங்க."

"திறந்தாச்சே. சங்கிலி விடுற அளவுக்கு."

"முழுசாத் திறங்க."

"முழுசாத் திறந்தா நான் விழுந்துடுவேன். நீங்க இடுக்கு வழியாக் கேளுங்க. பதில் முழுசா வரும்."

லெப்டினன்ட் பெருமூச்சு விட்டான். "நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் கட்டடத்தை விட்டு வெளிய போனீங்களா?"

"போன வருஷத்துக்கு அப்புறமே போகல."

"ஏன்?"

"வெளிய போனா செத்துடுவேன்னு தோணுது."

"யாராவது மிரட்டுறாங்களா?"

"ஆமா. நானேதான்."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்ததற்குப் போனான். "நிலவறைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு ஜுமகுல் அம்மா கழுத்துல. ராத்திரியும் கழட்டல. இன்னொண்ணு ஒஸ்கோன்கிட்ட. பூட்டு உடையல. பனியில குளம்புத் தடமும் இல்ல, ஏன்னா விடிஞ்சதும் அந்த ஆளு பாதையைப் பெருக்கிட்டான். கோட்டுல ஆட்டு மயிர் வேற. நீங்க எதையாவது பார்த்தீங்களா?"

"அவர் தினமும் அதுக்குக் காய்த்தோல் போடுவார், மயிர் ஒட்டாதா? அவர் பெருக்குறதுக்கு முன்னாடி பனியை நான் பார்த்தேன். நாளைக்கு விருந்துக்கு மாவுப் பணியாரம் சுடுறது என் பொறுப்பு. இருட்டோட எழுந்து மாவு பிசைஞ்சேன். வெளுத்ததும் ஜன்னல்ல நின்னேன். பனியில ஒரு பூனைத் தடம்கூட இல்ல."

"எட்டாவது மாடியிலருந்து?"

"அதான் சார் என் உத்தியோகமே. உலகத்தைத் தூரத்துலருந்து பாக்குறது."

"அந்த ஆளு உங்க சிநேகிதராமே?"

"ஆமா."

"அப்ப சரி" என்று நோட்டை மூடினான் லெப்டினன்ட். சிநேகிதியின் சாட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு. "மேல யாரு இருக்காங்க?"

"எனக்கு நேர் மேலயா? நசிபா வீடு. அவ மாஸ்கோவுல வேலை பாக்குறா. வீடு பூட்டிக் கிடக்கு. ஜெரேனியச் செடிக்குத் தண்ணி ஊத்த ஜுமகுல் அக்கா வீட்டுல சாவி கொடுத்திருக்கா."

அவன் படி இறங்கினான். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட்டைத் திட்டுவது கேட்டது.

கானிஷாய் கதவோரமே நின்றாள். ஏதோ உறுத்தியது. லிஃப்ட் வேலை செய்யவில்லையா? எப்போதிலிருந்து? இருட்டில் மாவு பிசைந்தபோது அடுப்படிச் சுவருக்குப் பின்னால் அது முனகிக்கொண்டு போனதே. அவள் மாடியில் நிற்காமல் மேலே போனதே.

அப்போது மறுபடியும் ஆரம்பித்தது. தட், தட், தடதட.

விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. நாடி நிதானம். வழக்கமாகப் பயம் வந்தால் இரண்டும் சேர்ந்துதானே ஓடும்? அண்ணாந்து பார்த்தாள். கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்கு சன்னமாகக் கிலுகிலுத்தது.

"இதயம் அடிச்சா விளக்கு ஆடுமா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக உலகத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் தன் நெஞ்சைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்! அடுத்த நொடி சிரிப்பு நின்றது. கீழே ஒஸ்கோன் அண்ணனை ஜீப்புக்கு நடத்திப் போனார்கள். தெற்கே ஏதோ கிராமத்திலிருந்து வந்தவர், நகரத்தில் குடியிருப்புப் பதிவுகூட இல்லாதவர். ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போனால் வேலையும் போகும், படுக்கிற அறையும் போகும்.

ஜன்னலைத் திறந்து கத்தலாமென்றால் குளிருக்காகச் சட்டமெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தது. ஜுமகுல் அக்காவுக்குப் போன் செய்தாள். அவர் போட்ட கூச்சலில் அவருடைய போன் அடிப்பது அவருக்கே கேட்கவில்லை.

கானிஷாய் சங்கிலியைக் கழற்றினாள்.

மூன்றாவது மாடிவரை கால்களுக்கு வழி தெரியும். அதற்குக் கீழே யாரோ உலகத்தையே சாய்த்துவைத்த மாதிரி இருந்தது. கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. கண் இருட்டியது. கழுத்தில் விரல் வைத்தாள். இப்போது நாடியும் அடியும் ஒரே தாளம். இது அவளுடையதேதான். 'வா. வந்தா வந்துட்டுப் போ. எனக்குக் கீழ வேலை இருக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். முன்கதவைத் தோளால் தள்ளினாள்.

வீட்டுச் செருப்போடு, கையில் ஒட்டிய மாவோடு முற்றத்தில் வந்து நின்ற கானிஷாயைப் பார்த்ததும் கூட்டம் கிடாயை மறந்தது. அவள் ஜீப்புக்கு முன்னால் போய்ப் பனியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஐயோ, பொண்ணு போயிடுச்சு!" என்றார் ஜுமகுல் அக்கா. "தண்ணி தெளிங்க! கன்னத்துல ரெண்டு போடுங்க!"

"யாரும் போட வேண்டாம்" என்றாள் கானிஷாய், பல் கிடுகிடுக்க. "இப்ப எனக்கு உசுரு போற மாதிரி இருக்கும். போகாது. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருக்கணும்? திருடன் யாருன்னு சொல்றேன். லெப்டினன்ட் சார், அந்த மனுஷனை ஜீப்பை விட்டு இறக்குங்க."

ஒஸ்கோன் இறங்கிவந்து வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார். கையில் துடைப்பம் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

"பனியில தடம் ஏன் இல்லைன்னா, கிடா வெளிய போகவே இல்ல" என்றாள் கானிஷாய். மூச்சுக்கு நிறுத்தினாள். "லிஃப்ட் வேலை செய்யலைன்னு யாரு சொன்னது?"

"கீழ 'பழுது'ன்னு பலகை தொங்குதே" என்றான் லெப்டினன்ட்.

"யாராவது பொத்தானை அமுக்கிப் பார்த்தீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலகை சொன்னால் நம்பிவிடும் ஜனங்கள். லெப்டினன்ட் உள்ளே ஓடினான். பொத்தானை அமுக்கும் சத்தமும், மேலே லிஃப்ட் முனகும் சத்தமும் வெளியே கேட்டன. கதவு திறந்ததும், "உள்ள புழுக்கை!" என்று கத்தினான்.

"இருட்டுல அது மேல போன சத்தம் கேட்டேன். என் மாடியில நிக்கல. அப்புறம் காலையிலருந்து என் தலைக்கு மேல தடதடன்னு ஒரே அடி. நெஞ்சுதான் அடிக்குதுன்னு நெனச்சேன். நாடி பார்த்தா நாடி பாட்டுக்கு நடக்குது. எல்லாருக்கும் இதயம் ரெண்டு காலால அடிக்கும். எனக்கு நாலு காலால அடிச்சிருக்கு! பூட்டிக் கிடக்கிற நசிபா வீட்டுல யாரு நாலு காலோட நடக்குறது?"

"அந்த வீட்டுச் சாவி என்கிட்டல்ல இருக்கு!" என்றார் ஜுமகுல் அக்கா. சொன்ன பிறகுதான் சொன்னதன் பொருள் அவருக்கு எட்டியது. "நான் எதுக்கு என் கிடாயை நானே திருடுறேன்?"

"நீங்க இல்ல அக்கா. ரெண்டு சாவி, ரெண்டு சாவின்னு எல்லாரும் சொன்னீங்க. ஆனா சாவி ரெண்டுன்னா ஆளு மூணு. ராத்திரி உங்க கழுத்துல இருக்கிற சாவிக்குப் பக்கத்துல தூங்குறது யாரு? செடிக்குத் தண்ணி ஊத்த மேல போறது யாரு? கூப்பிட்டா ஒரு சத்தமும் போடாம அந்தக் கிடா யாரு பின்னாடி போகும்? வசந்தத்துலருந்து தினமும் வாய்க்கால் ஓரம் அதை மேய்ச்சது யாரு?"

எல்லாத் தலைகளும் ஜுமகுல் அக்காவின் புருஷர் கல்முராத் பக்கம் திரும்பின. அவர் காலையிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பலருக்கு அது இப்போதுதான் தெரிந்தது. லெப்டினன்ட் அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கல்முராத் தொப்பியைக் கழற்றினார். "லிஃப்ட்ல பலகையை மாட்டினதும் நான்தான். ஒஸ்கோனைப் பிடிப்பாங்கன்னு நெனக்கல. அவனை ஜீப்புல ஏத்துனப்பவே சொல்லணும்னு வாயைத் திறந்தேன். இவ பேசிக்கிட்டு இருந்தா. இடம் கிடைக்கல."

"நாப்பது வருஷமா மறுபேச்சு பேசாத மனுஷன்!" ஜுமகுல் அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஏன்யா இப்படிப் பண்ணின?"

"அதை அறுக்க மனசு வரல. நான் சொல்றதை அது கேக்கும்."

"நான் கேக்க மாட்டேனா?"

"நீ கேள்விதான் கேப்ப."

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. ஜுமகுல் அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒஸ்கோனிடம் போய், எல்லோர் முன்னாலும் மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். "தம்பி, என் வாய் பெருசு. மன்னிச்சுடு. நாளைக்கு விருந்துல பெரியவங்க உக்கார்ற மேல் இடம் உனக்குத்தான்." அடுத்து புருஷரைப் பார்த்தார். "உனக்கு வாசல் பக்கம், கடைசி இடம். கிடாய்க்குப் பதிலா குதிரைக்கறி வாங்கு. உன் கைக்காசுல."

ஒன்பதாவது மாடியைத் திறந்தபோது கிடா நசிபாவின் ஜெரேனியத்தில் கடைசித் தொட்டியை முடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கானிஷாய்க்கு நடுக்கம் அடங்கிவிட்டது. பனியில் உட்கார்ந்த இடம் நனைந்து குளிர்ந்தது. தலைக்கு மேலே கூரை இல்லாத வானம் மிகப் பெரியதாக இருந்தது. அவள் அதை ஒரு ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்தது. லெப்டினன்ட் பெலெக் மட்டும் போகாமல் ஜீப் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றான், குரலை இறக்கி. "அது... தானா அடங்கிடும்னு சொன்னீங்களே. நெசமாவா?"

"எது?"

"நெஞ்சு அடிக்குமே. கை மரத்துப் போகுமே. போன மாசம் பெரிய பாலத்து மேல வண்டியை நிறுத்திட்டேன். பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது, என்னால நகர முடியல. டிபார்ட்மென்ட்ல சொன்னா துப்பாக்கியைப் பிடுங்கிக்குவாங்க. வெளிய டாக்டர்கிட்ட போலாம்னா அவர் கேக்குற காசு..."

"மூணு தடவைக்கு ஒரு கிடா" என்றாள் கானிஷாய்.

"அதேதான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை பெரிய தொப்பி, இத்தனை பளபளக்கும் பொத்தான்கள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. ஒஸ்கோன் அண்ணனும் இருப்பார். மொதல்ல முற்றத்துல நிப்போம், அப்புறம் தெருமுனை. பாலத்தைப் பிறகு பாத்துக்கலாம். ஆனா யூனிஃபார்ம் போட்டுட்டு வராதீங்க."

"ஏன்?"

"போலீஸ் ரெண்டாவது தடவை என் வீட்டுப் படி ஏறுச்சுன்னா, ஜுமகுல் அக்கா அடுத்த விருந்தா நம்ம கல்யாணத்தைத்தான் வைப்பாங்க."