சிவப்புக்குள் பச்சை

திங்கட்கிழமை காலை அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, சிவப்பாக ஒளிர்ந்த ஒரு செல்லுக்குள் பச்சையாக இன்னொரு செல் இருந்தது.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறதோ என்று திருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை, உள்ளேதான் இருந்தது. முழுசாக, உருண்டையாக, வாயில் அதக்கி வைத்த நெல்லிக்காய் மாதிரி. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் வெளியே வெயிலா மழையா என்பதே தெரியாது. கறுப்புத் திரையும், கையில் பூசிய ஸ்பிரிட்டின் காரமான வாசனையும், சுவரோரம் ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் விசிறியும்தான் துணை.

சிவப்பு அவளுடையது. பச்சை அவள் தங்கையுடையது. இருவர் கையிலிருந்தும் மிளகளவு தோலை எடுத்து, செல்களாக வளர்த்து, அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறம் ஏற்றியிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் மரபணுவை அருகருகே வைத்து ஒப்பிடலாம் என்பது தங்கையின் யோசனை. நல்ல யோசனை எல்லாமே தங்கையுடையதுதான். பதினோரு வருடம் இந்த ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அக்கா. அவள் சிபாரிசில் உள்ளே வந்த தங்கை இரண்டே வருடத்தில் அவளுக்குத் தலைவி. நடைபாதையில் எதிர்ப்பட்டால் டைரக்டர் கேட்பது, "தங்கச்சி எங்கே?" வீட்டுக்குப் போனால் அம்மாவும் அதையேதான் கேட்பாள். "குட்டி வரலையா?" குட்டிக்கு இந்த வருடம் நாற்பது.

மூன்று வாரம் முன்பு அக்கா யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்றைத் தன் செல்களில் மட்டும் இன்னொரு பிரதி சேர்த்து வைத்தாள். பிறகு இருவர் செல்களையும் செல் வளர்க்கும் ஒரே கண்ணாடி டிஷ்ஷில் கலந்தாள். பக்கத்தில் வைத்தால் தங்கையுடையவை நோஞ்சானாகத் தெரியும். தங்கை எழுதி முடித்திருக்கும் கட்டுரை சந்தி சிரிக்கும். அவ்வளவுதான் நினைத்தாள்.

வலுத்த செல் இளைத்த செல்லை விழுங்குவது புத்தகத்தில் உள்ள விஷயம்தான். விழுங்கினால் செரித்துவிடும். இது செரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த பச்சை நிதானமாக நடுவில் இடுங்கி இரண்டானது.

செவ்வாய்க்கிழமை டிஷ்ஷில் தனியாக இருந்த பச்சை பாதியாகக் குறைந்திருந்தது. அன்று மதியம் ஆய்வகத்தின் தானியங்கிக் கதவு தங்கைக்குத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள், குதித்தாள். அக்கா எழுந்து போனதும் கதவு சர்ரென்று விலகியது.

"பாருக்கா, கதவுகூட என்னை மதிக்க மாட்டேங்குது" என்று தங்கை சிரித்தாள். எதிரே நின்று சிரிக்கிறாள். சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

"சாப்பிட்டியா?"

"எதுவும் இறங்க மாட்டேங்குது. நீதான் நல்லா பூசினாப்புல இருக்கே."

உண்மைதான். இரண்டு நாளாக அக்காவுக்கு அடங்காத பசி. செருப்பு இறுக்கியது. மோதிரம் விரலில் புதைந்து கழற்ற வரவில்லை.

புதன்கிழமை கூட்டத்தில் டைரக்டர் அவளைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவள் பேசினாள். நடுவில் தங்கை குறுக்கிட்டுப் பேசினாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தங்கை உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை கொஞ்சம்கூட அமுங்கவில்லை. அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது, அத்தனை சந்தோஷம். கூட்டம் முடிந்து இருவரும் நீளமான நடைபாதையில் ஒன்றாக நடந்தபோதுதான் வேறு மாதிரி குளிர்ந்தது. நடந்தது இரண்டு பேர். காலடிச் சத்தம் ஒரு ஆளுடையது.

வியாழக்கிழமை, கறுப்புத் திரை அசையாமலே தங்கை மைக்ராஸ்கோப் அறைக்குள் நின்றாள்.

"அந்த டிஷ்ல என்னக்கா பண்ணினே?"

அக்கா மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் திட்ட மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ப்ளீச் ஊத்திடு. எல்லாத்தையும் கொன்னுடு."

"உன் கையாலயே ஊத்திக்கோயேன்."

தங்கை மேசையிலிருந்த பாட்டிலைப் பிடித்தாள். பிடித்த விரல்களுக்குப் பின்னால் பாட்டிலின் நீல லேபிள் தெரிந்தது.

"தூக்க முடியலக்கா."

அக்கா பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். நெடி மூக்கைச் சுட்டது. ஒரு வாய் ஊற்றினால் போதும். டிஷ்ஷில் இன்னும் இருபது முப்பது பச்சைப் புள்ளிகள் தனியாக மிச்சமிருந்தன. அவள் கையைச் சாய்க்கும்போது மேசையில் கிடந்த தங்கையின் போன் அதிர்ந்தது. திரையில் அம்மாவின் படம். மத்தியானம் ஒரு மணி. சாப்பிட்டாயா என்று கேட்க அம்மா தினமும் கூப்பிடுவாளா? இவளை மட்டும்? பதினோரு வருடத்தில் அக்காவின் போன் அந்த நேரத்தில் ஒருநாளும் அடித்ததில்லை.

மூடியைத் திருகி மூடினாள்.

"நாளைக்குப் பாக்கலாம்."

தங்கை ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது.

வெள்ளிக்கிழமை டிஷ்ஷில் தனியாக ஒரு பச்சைகூட இல்லை. சிவப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை. இரண்டாக. நான்காக. எட்டாக. சிவப்பின் ஓரம் மெலிந்து, தெறிக்கத் தயாரான குமிழி போல் நின்றது. தங்கையின் அறையில் கோட் மாட்டியிருந்தது. கணினி எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. "எங்கே?" என்று யாரும் கேட்கவும் இல்லை.

அவள் பாதி நாளில் வீட்டுக்கு ஓடினாள்.

நல்ல வெயில். வாசல் கதவு திறந்திருந்தது. அம்மா எதிரே வந்தாள். இரண்டு கையாலும் அவள் கன்னத்தை ஏந்திக்கொண்டாள். கை சூடாக இருந்தது. இத்தனை வருடம் அவள் ஏங்கிய சூடு.

"வந்துட்டியா குட்டி? வா, சாப்பிடு."

தட்டு வைத்தாள். அருகிலேயே உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்தாள். அக்கா நாலு வாய் சாப்பிட்டாள். தொண்டையில் ஏதோ அடைத்தது. தண்ணீர் குடித்தாள். அது நகர்ந்தது, மேல் பக்கமாக.

அம்மா, நான் பெரியவ. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள்.

"அக்கா எங்கம்மா?"

தங்கையின் குரல். தெளிவாக. கிட்டத்தில்.

"அவ எங்கேயாவது இருப்பா. நீ சாப்பிடு" என்றாள் அம்மா.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. குளியலறை. தாழ்ப்பாள். விளக்கு. கண்ணாடி.

வாயைத் திறந்தாள். பல். நாக்கு. பின்னால் இருட்டு.

இன்னும் அகலமாகத் திறந்தாள். தாடை சொடுக்கியது.

நாக்கின் அடிவேரில், ஈரமாக, நான்கு விரல் நுனிகள். வெளுத்த நகங்கள். ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து, பிடிமானம் தேடி, கீழ்ப்பல் வரிசையைப் பற்றின.