நனைந்த தரை, நனையாத சீட்டு

பழைய காருக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் கெடுவது தரைவிரிப்பு இல்லை, அந்த வீட்டு மனிதர்களின் புத்தி. துணிக்கடை முதலாளி அன்று காலை கார்ப் பட்டறைக்குள் நுழைந்த வேகத்திலேயே அது தெரிந்தது. அவருக்குப் பின்னால், தலையைத் தொங்கப் போட்டபடி அவருடைய டிரைவர்.

மழை பெய்தால் காரின் இடது பக்கத் தரை குளமாகிறது என்றார் முதலாளி. இந்த டிரைவர் வேலைக்கு வந்த பிறகுதான் இப்படி. மத்தியானம் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே தூங்குகிறான், எழுந்தால் ஏற்ற மறந்துவிடுகிறான், கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்கிறான். ஓட்டை இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். 'பொறுப்பில்லாதவன்' என்று கடையில் எல்லார் முன்னாலும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்தச் சொல் கடைத்தெருவுக்குள் போனால் போதும், அப்புறம் எவனும் அந்தப் பையனிடம் ஸ்டியரிங்கைத் தர மாட்டான்.

பட்டறைக்காரருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவன் யாரோ, நன்றாகத்தான் வைத்திருந்தான். அவருடைய மனைவியின் தம்பி அதற்கு நேர் எதிர். அங்கே பெயின்ட் வேலை அவனுடையது. டிரைவரின் சிவந்த கண்ணைப் பார்த்ததுமே, தூங்குமூஞ்சிதான் என்று மைத்துனன் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டான். ஆனாலும் பட்டறைக்கு ஒரு வேலை வருகிறதே, விடுவானா?

"முன் கண்ணாடி ரப்பர் போயிருக்கும் மாமா. பாக்காமலே சொல்றேன்."

"பாக்காம சொல்றதுக்கு ஜோசியர் இருக்கார். நீ பாத்துட்டுச் சொல்லு மாப்ள."

நிதானம் காருக்குள் தலையை விட்டு இடது சீட்டை உள்ளங்கையால் அழுத்தினார். காய்ந்திருந்தது. கறைகூட இல்லை. கீழே விரிப்பைப் பிழிந்தார். அழுக்குத் தண்ணீர் கொட்டியது. வீட்டில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். சுவரோரம் ஒரு தகரச் சாய்ப்பு இருக்கிறது, வலது பக்கம் அதற்குள் ஒண்டிக்கொள்ளும், இடது பக்கம் வெளியே நிற்கும் என்றார் முதலாளி. பழைய டிரைவர் காலத்திலும் அதே இடந்தான். அப்போது ஒரு சொட்டு நனைந்ததில்லை.

"நீ என்னப்பா சொல்றே?" என்று நிதானம் டிரைவரிடம் திரும்பினார்.

அவன் இடது கதவைத் தொட்டுக் காட்டினான். "இந்தப் பக்கத்துக் கதவு ரெண்டும் கனமாயிடுச்சுண்ணே. முன்னெல்லாம் விரலால தள்ளுனா மூடும்."

கதவு கனத்ததும் இவன் தூக்கத்திலேதான் என்று முதலாளி முணுமுணுத்தார். நிதானம் அதைக் காதில் வாங்கவில்லை. இவன் வந்த சமயத்தில் வண்டிக்கு வேறு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். புது ஆள் வருகிறான் என்று வண்டியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினோம், பேட்டரி, சீட்டு உறை, அப்புறம் துருப் பிடிக்காமல் இருக்க அடியில் தார் என்றார் முதலாளி.

மைத்துனனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தார் அடித்தது அவன்தான். குனிந்து காட்டினான். அடித்தட்டு, கதவுகளின் கீழ் விளிம்பு, எல்லாம் கன்னங்கரேலென்று ஒரே சீராக இருந்தன. ஊசி முனைக்கு இடைவெளி கிடையாது.

விரிப்பைக் கழற்றித் தரையைத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பரவலாகத் தூவச் சொன்னார் நிதானம். நனைந்த இடத்தில் பொடி கறுக்கும், தண்ணீர் வந்த வழி தெரியும். மைத்துனன் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தான். கண்ணாடிகளை இறுக்க ஏற்றிவிட்டு நிதானம் குழாயைத் திறந்தார். கீழேயிருந்து தொடங்கி மெல்ல மேலே ஏறினார். மேலே பிடித்தால் எல்லாமே நனையும், எது திருடன் என்று தெரியாது என்பது அவர் கணக்கு.

முன் கண்ணாடி ரப்பரில் நேராகப் பிடித்தும் பொடி வெள்ளையாகவே இருந்தது. மைத்துனனுக்குச் சப்பென்று போயிற்று. பிறகு குழாய் கதவுக் கண்ணாடிக்கு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கதவின் உட்பக்க அட்டைக்குக் கீழேயிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியது.

"மாமா, கண்ணாடி மூடித்தான் இருக்கு. ஆனா கதவுக்குள்ளேருந்து தண்ணி வருது!"

நிதானம் குழாயை நிறுத்திவிட்டு எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார்.

"கண்ணாடி இறங்கியிருந்தா முதல்ல சீட்டு நனையும், அப்புறந்தான் தரை. இங்க சீட்டுல ஈரமே இல்ல. அப்பவே இந்தப் பையன் மேல இருந்த சந்தேகம் எனக்குத் தீந்து போச்சு. வராத தண்ணி இவன் வந்ததும் வந்துச்சுங்கிறீங்க. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதே சமயத்துல வண்டிக்கு இன்னொண்ணும் வந்துச்சே." கதவை லேசாக ஆட்டினார். உள்ளே களக் களக் என்றது, பாதிக் குடம் போல.

"எந்தக் காரா இருந்தாலும் கண்ணாடி இடுக்கு வழியா கதவுக்குள்ள தண்ணி போகத்தான் செய்யும். அது வெளிய போறதுக்குக் கீழ ஓட்டை வச்சிருப்பான். அதை அடைச்சா கதவு தொட்டியாயிடும், தொட்டி நிரம்புனா உள்ள வழியும்."

ஸ்க்ரூடிரைவர் முனையைக் கதவின் அடி விளிம்பில் வைத்து, தாரைக் குத்தினார். துருத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மைத்துனன் காலில் விழுந்தது. அவன் காலை நகர்த்தவில்லை. இவ்வளவு நேரம் தேடிய ஆள் தான்தான் என்று தெரிந்தால் எவனுக்குத்தான் கால் நகரும்?

முதலாளியின் கோபம் இப்போது அவன் பக்கம் பாய்ந்தது. தார் அடித்த கை விளங்குமா என்றெல்லாம் கேட்டார். நிதானம் தடுக்கவில்லை.

"நல்லாத் திட்டுங்க முதலாளி, அவனுக்கு வேணும். நானும் அன்னிக்கு அவன் வேலையைக் குனிஞ்சு பாக்கல, எனக்கும் சேத்துத் திட்டுங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி சரி, வண்டிய எடு" என்று சாவியை நீட்டினார்.

டிரைவர் கையை நீட்டவில்லை. "கடையில எல்லார் முன்னாடியும் பொறுப்பில்லாதவன்னு சொன்னீங்க முதலாளி. அங்க வந்து இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

மைத்துனன் அதற்குள் கதவு கதவாக உட்கார்ந்து தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கடைசி ஓட்டையும் திறந்து தண்ணீர் வடிந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு, நானும் வந்து சொல்கிறேன் என்றான். நிதானம் வண்டியை ஓட்ட, நாலு பேரும் கடைக்குப் போனார்கள்.

ஓட்டையை அடைத்தது தான்தான் என்று மைத்துனன் கடைப் பையன்கள் முன்னால் ஒளிக்காமல் சொன்னான். முதலாளி கூரையைப் பார்த்தார், துணி மடிப்பவர்களைப் பார்த்தார், கடைசியில், "வண்டியிலதான் கோளாறு. பையன் மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் அதற்கு மேல் கறக்க முடியாது. டிரைவருக்கும் அது தெரிந்திருந்தது. சாவியை வாங்கிக்கொண்டான்.