பத்தாவது மரத்தின் பிழைகள்

அன்று சாயங்காலம் பூங்காவின் மேற்கு ஓரத்தில் மரங்கள் பத்து இருந்தன. நேற்றுவரை ஒன்பது.

இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து அச்சுப்பிழை பிடித்தவள். பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, வலமிருந்து இடமாக, சொல் சொல்லாகப் பின்னோக்கிப் படிப்பது அவள் முறை. நேராகப் படித்தால் இல்லாத எழுத்தையும் மனம் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. பூங்காக் குளத்தின் கிழக்குக் கரை பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரில் செம்மை பரவுவதையும் உலர்ந்த இலைகள் வெயிலின் மிச்சச் சூட்டோடு மணப்பதையும் அனுபவிக்கும்போதுகூட, எதிர்க்கரை மரங்களை வலக்கோடியிலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவாள். குளிர் நாட்களில் இரண்டாவது மரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன், நாளுக்கு நாள் வலப்பக்கம் நகர்ந்து, கோடை உச்சியில் ஒன்பதாவதைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எந்த மரம் என்றைக்கு இலை கொட்டியது, எது என்றைக்குத் துளிர்த்தது என்று ஆறு வருடமாக ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறாள்.

அவள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவள் கணவர் குளத்தைச் சுற்றி நடப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலி வந்து பிழைத்தபின் தினமும் நாலு சுற்று நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் சுற்று முடித்து வந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் எத்தனை மரம் இருக்கு, சொல்லுங்க."

"ஒன்பது. ஏன், செக்கரம்மா?"

பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் செக்கர்தான் உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத ஆள். அந்தப் பெயரைத்தான் ஆசையாக மனைவிக்கு வைத்திருந்தார்.

"கோடியில ஒண்ணு கூடுதலா நிக்குது."

"எனக்குத் தெரியல. நின்னா நிக்கட்டுமே. இறக்கிவிடவா போற?"

சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனார். கேட்டருகே நின்ற வாட்ச்மேனும் ஒன்பதுதான் என்றார்.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். மரம்போல இருந்தது, ஆனால் மரம் எப்படி இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒருவன் செய்து வைத்ததுபோல இருந்தது. மற்ற ஒன்பதும் இலை கொட்டிக்கொண்டிருந்தன. இதன் அடியில் மட்டும் தரை துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது.

"கீழே ஒரு இலைகூட இல்லை," என்றாள் வாய்விட்டு.

அது தொழில் பழக்கம். அச்சகத்தில் அவள் பிழையை உரக்கச் சொல்வாள், எதிரே இருப்பவர் குறித்துக்கொள்வார். இங்கே எதிரே யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் கோடி மரத்தின் அடியில் சருகு குவிந்திருந்தது.

தான் சொன்னது அதற்குக் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் பிழையைக் கண்டால் விட்டுவிட்டுப் போகிற பிறவியா அவள்? காற்றடித்தபோது மற்ற மரங்கள் சலசலத்தன, இது ஆடியது, சத்தம் வரவில்லை. சொன்னாள். அடுத்த நாள் சலசலத்தது. பறவை எதுவும் உட்காரவில்லை என்றாள். அதற்கடுத்த நாள் கிளை நிறையக் குருவிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக நிழலைப் பார்த்தாள். சூரியன் பின்னால் இருக்க, ஒன்பது மரங்களின் நிழல்களும் குளத்தைத் தாண்டி அவள் காலடியை நோக்கி நீண்டு கிடந்தன. பத்தாவதின் நிழல் மட்டும் சூரியனை நோக்கிப் போயிற்று.

"நிழல் தலைகீழா விழுது," என்றாள்.

மறுநாள் பத்து நிழல்களும் ஒழுங்காக அவள் பக்கம் வந்தன. கடைசி நிழலின் நுனி அவள் செருப்பைத் தொட்டது. அது ஜில்லென்று இருந்தது.

அவள் எழுந்து வாட்ச்மேனிடம் ஓடினாள்.

"பத்துதானேம்மா," என்றார் அவர். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே பத்து. கோடியில இருக்கிறதுதான் எல்லாத்துலயும் பழசு."

நோட்டைப் பிரித்தாள். ஆறு வருடம் முன்பு எழுதிய முதல் பக்கத்திலேயே இருந்தது, அவளுடைய கையெழுத்தில், அவளுடைய மசியில்: பத்தாவது மரம் இலை கொட்டத் தொடங்கியது.

அவளுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. பிழை இருந்தவரை அதற்கு இங்கே இடமில்லை. பிழையை எல்லாம் அவளே களைந்து கொடுத்தாள். பக்கம் சுத்தமானதும் அச்சேறிவிட்டது. இனி அழிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "பயமா இருந்தா அந்தப் பூங்காவே வேண்டாம். நான் மொட்டை மாடியில நடந்துக்கறேன்," என்றார்.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக அது அவள் பெஞ்சு, அவள் குளம், அவள் சூரியன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனுஷனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து முதல் சுற்று நடக்கவைத்த இடம்.

"நாம ஏன் போகாம இருக்கணும்? நாலு நாள் முன்னாடி வந்தது அது. வேணும்னா அது போகட்டும். இனிமே என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது."

"அப்படிப் போடு," என்றார் அவர்.

மறுநாள் போனார்கள். எட்டாவது மரத்தோடு திரும்பிவிடச் சொல்லி அவரிடம் கெஞ்சினாள்.

"ரூட்டைப் பாதியில வெட்டினா பாசஞ்சர் திட்டுவான்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மேற்கே பார்த்தாள். முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும். மூன்றாவது சுற்றில், சூரியன் அரைவட்டமாகி, குளம் முழுக்கத் துருவின் நிறம் ஏறியிருந்த நேரத்தில், அவர் எட்டைத் தாண்டினார், ஒன்பதைத் தாண்டினார், பத்தாவது மரத்தின் பின்னால் மறைந்தார்.

ஒரு அடி நேரம்தான் மறைய வேண்டும். அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு அடி நேரம் போயிற்று. ஐந்து.

அவர் வெளியே வந்தார்.

அதே நடை. அதே சட்டை. குளத்தைச் சுற்றிச் சருகுப் பாதையில் அவளை நோக்கி வந்தார். சருகு நொறுங்கவில்லை. அவர் மிதித்த ஒரு இலைகூட.

அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நிழல் அவருக்கு முன்னால், சூரியனை நோக்கி நீண்டது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அதே ஜில்.

"என்ன செக்கரம்மா, அப்படிப் பாக்குற?" அச்சு அசலாக அவர் குரல். "ஏதாவது தப்பா இருக்கா?"

சொன்னால் நாளைக்குச் சரியாகிவிடும். எல்லாம் சரியானதும் இவர்தான் அவள் கணவர் என்று ஊரே சொல்லும். கல்யாணப் போட்டோ சொல்லும். அவளே சொல்வாள். அந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிற நிஜ மனுஷனை அப்புறம் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பிழை மிச்சம் இருக்கும்வரை பக்கம் அச்சுக்குப் போகாது. அவர் இன்னும் அங்கே இருப்பார். இருந்தாக வேண்டும்.

"ஒண்ணும் இல்லை," என்றாள்.

எழுந்து ஓடப் பார்த்தாள். கையை அது விடவில்லை.

"நல்லாப் பாரு."

அதன் கைக்கடிகாரம் வலது மணிக்கட்டுக்கு மாறியது. அவள் பேசவில்லை. அவள் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஆறாயின. பிறகு எட்டு. அவள் பேசவில்லை.

வாட்ச்மேன் பூங்கா மூடுவதற்கு விசில் ஊதினார். நடந்துகொண்டிருந்தவர்கள் அவர்களைக் கடந்து போனார்கள். ஒருவர் அதற்கு வணக்கம் வைத்தார்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிழையைக்கூட அவள் விட்டதில்லை. நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"சொல்லும்மா," என்றது அது, கெஞ்சலாக. "எது தப்பு?"

ஒரு புருவம் கண்ணுக்குக் கீழே இறங்கியது. மூக்கு மெல்லத் திரும்பித் தலைகீழாக நின்றது. ஒரு காது கன்னத்தின் வழியாக நகர்ந்து வந்து, வாய் இருந்த இடத்தில் அவள் பக்கமாக விரிந்து நின்றது. அவள் கண்ணை மூடவில்லை. தலையைக் குனியவில்லை. சூரியனின் கடைசி விளிம்பும் மறைந்தது. அவள் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அந்தக் காது காத்துக்கொண்டிருந்தது.