படிக்க மாட்டேன் என்றவன்

"மேல் வரியைப் படிங்க."

"மாட்டேன்."

"எழுத்து தெரியலையா?"

"தெரியுது. ஆனா படிக்க மாட்டேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்த பஸ் டிரைவர். கண் சர்டிபிகேட் இல்லாவிட்டால் நாளை வண்டி எடுக்க முடியாதாம். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை! ஆனால் அந்தக் கண்கள்... எதற்கு இவ்வளவு அழகாக இருந்து தொலைக்கின்றன?

இரண்டு வருடத்துக்கு முன்பு மொழிச் சண்டை வந்ததிலிருந்து ஊரே இப்படித்தான். எல்லோருக்கும் இரண்டு மொழியும் தெரியும். ஆனால் அடுத்தவர் எழுத்தைப் படிப்பதில்லை என்று இரண்டு பக்கமும் சபதம். அவன் பக்கத்துக் கூட்டம் இந்தக் கண்ணாடிக் கடையை நொறுக்கிய அன்று, அவன் மொழிச் சார்ட்டை அவள் அண்ணன் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டான்.

"வாய் திறந்து தமிழ் பேசுறீங்க, படிக்க மட்டும் கசக்குதாக்கும்?"

"பேசுறது பழக்கம். படிக்காதது ரோஷம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீரோவைத் தள்ளி, சார்ட்டை எடுத்து, தூசி தட்டி மாட்டினாள். அவன் படித்தான். கடைசி வரியில் குரல் நின்றுவிட்டது.

"மங்கலா இருக்கா?"

"இல்லைங்க... எனக்காக எடுத்து மாட்டுவீங்கன்னு நினைக்கல."

அதன்பிறகு வியாழன் தவறாமல், சர்டிபிகேட்டோடு அவள் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றது. அவள் முடுக்குவாள், அவன் அவள் விரல்களையே பார்ப்பான். ஏழாவது வியாழன், லென்ஸ் தேய்க்கும் உள்ளறையிலிருந்து அண்ணன் வெளியே வந்தான்.

"ஏன் தம்பி, ஸ்க்ரூ தானா கழலுதா, நீங்க கழட்டுறீங்களா?"

அவன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் கழட்டுறேன். அதோட... இந்தக் கடைய உடைச்ச அன்னைக்குக் கூட்டத்துல நானும் நின்னேன். கல் எறியல. ஆனா தடுக்கவும் இல்ல."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. அன்று உள்ளே கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"ஏழு வாரமா ஏன் சொல்லல?"

"சொன்னா இந்தப் படி ஏற முடியாதேன்னு பயம்."

"இப்ப மட்டும் என்ன?"

"இவரை மச்சான்னு கூப்பிட ஆசை. மனசுல இதை வச்சுக்கிட்டு கூப்பிட வாய் வரல."

அண்ணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ஒரு தெருவே திரண்டு நின்னுச்சு. ஒருத்தனாவது வந்து, 'நானும் இருந்தேன்'னு சொல்ல மாட்டானான்னு ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்..." குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசையில் வைத்தான். "ஒருத்தனாவது வந்தானே." தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"எனக்குக் கோபம் போகல. போகவும் போகாது. கல்யாணத்துக்கு அப்புறமும் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவேன். சம்மதமா?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"கல்யாணத்துக்கு... அப்புறமா?"

"பின்னே? பிடிச்சுத் தொலைச்சிருச்சே உங்களை!"