பதில் தராத நிலையம்

பல் மருத்துவர் ஜெசிந்தா தினமும் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், அலைக்கம்பியில் கோத்திருக்கும் பனியைத் துணியால் வழித்துவிட்டு, சிற்றலை ரேடியோவின் முன்னால் உட்காருவாள். கடல் ஏறி, கேபிள்கள் அறுந்து, செயற்கைக்கோள்களும் ஒவ்வொன்றாக ஊமையாகிவிட்ட பிறகு, தூரத்துத் தீவுகளின் குரல் கொடைக்கானலுக்கு அந்த வழியில்தான் வந்துகொண்டிருந்தது.

எந்த நிலையத்தைப் பிடித்தாலும், கேட்டதை எழுதி, ரேடியோ வழியாகவே அலைமடலாக அனுப்புவாள். கேட்டது சரிதான் என்று அங்கிருந்து படத்தோடு பதில் வந்து அச்சாகும். கேட்புச் சான்று என்று அதற்குப் பெயர். அவளுடைய கிளினிக்கின் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். பல் பிடுங்க வந்தவர்கள் அவற்றைப் பார்த்தபடி பயத்தை மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். ஆனால் தீவுகளில் செத்துப்போனவர்களின் பதிவுக் குரல்கள், சூரியத் தகடுகளின் தயவில் வருடக்கணக்காகத் தண்ணீர் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கெஞ்சலை நம்பிப் போன கப்பல் எலும்புகளோடு திரும்பியது. அதற்குப் பிறகு மீட்பு வாரியம் விதி போட்டது: பதில் தரும் நிலையத்தில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். பதிவுக்குப் பேசத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. அன்றிலிருந்து ஜெசிந்தாவிடம் வரும் சான்றுகளைத்தான் வாரியமும் நம்பியது.

அந்தப் புரட்டாசியில் வாரிய அதிகாரி தணிகாசலம் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார்.

“டாக்டரம்மா, காத்து திரும்புறதுக்குள்ள ஒரு கப்பல்தான் போய் வர முடியும். எந்தத் தீவுக்கு அனுப்பலாம்?”

“வெண்பவளத்துக்கு அனுப்புங்க சார். எப்ப எழுதினாலும் மறுநாளே பதில் வருது. அவ்வளவு மரியாதையா எழுதுறாங்க.”

“கொடுமுனையில ஒருத்தர் தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு கத்துறாரே?”

“ஆடியிலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எத்தனை மடல் போட்டேன்! ஒரு வரி பதில் இல்ல. பழைய பதிவா இருக்கும்.”

சொல்லும்போதே அவள் குரலில் லேசான கோபம் இருந்தது. சேகரிப்பவளுக்குப் பதில் போடாத நிலையத்தின் மீது வரும் கோபம். தணிகாசலம் பல்லைக் காட்ட வாயைத் திறந்தார். பேச்சு அதோடு நின்றது.

கப்பல் புறப்பட்டுப் போனது. வெண்பவளத்துக்கு வழக்கமான மடலை எழுதியபோது ஜெசிந்தாவுக்குக் குறிப்பு மாறிவிட்டது. கொடுமுனைக்காரர் இருமிக்கொண்டே மழை அளவு வாசித்ததை இதில் சேர்த்துவிட்டாள். மறுநாள் பதில் வந்தது: “நீங்கள் கேட்டது சரியே. இருமியபடி வாசித்தவர் எங்கள் அறிவிப்பாளர்தான்.”

உடனே இன்னொரு மடல் எழுதினாள். “இன்று உங்கள் நிலையத்தில் யானை பிளிறக் கேட்டேன்.”

“ஆம், அது எங்கள் யானைதான். ஆர்வத்துக்கு நன்றி.”

வெண்பவளத்தில் இருந்தது ஒரு தன்னியக்க அறிவிப்பி. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடக் கற்றுக்கொண்ட இயந்திரம்.

செருப்பைக்கூட மாற்றாமல் வாரிய அலுவலகத்துக்கு ஓடினாள்.

“கப்பலைத் திருப்பச் சொல்லுங்க சார். வெண்பவளத்துல ஆளே இல்ல. பதில் வந்ததே பொய்யின்னா, பதில் வராததை வெச்சு ஆள் இல்லன்னு எப்படிச் சொல்றது? கொடுமுனைக்குப் போகட்டும்.”

தணிகாசலம் தலையைப் பிடித்துக்கொண்டார். “அங்கே ஆள் இருக்குன்னு எதை வெச்சும்மா சொல்றது? அங்கேயிருந்து ஒரு சான்றுகூட வரலையே. சான்று இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

கிளினிக்குக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தென்னை ஒன்றை வரைந்தாள். அதன் கீழே கொடுமுனை என்று எழுதி, நீங்கள் கேட்டது சரியே என்ற வரியையும் சேர்த்து அச்சடித்தாள். சேகரிப்பவர்கள் ஒருவரையொருவர் எதற்கு வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். போலிச் சான்றுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

“எப்ப வந்துச்சு?” என்று அதைக் கையில் வாங்கியபடி கேட்டார் தணிகாசலம்.

“இப்பதான்.”

காயாத மை அவர் கட்டைவிரலில் ஒட்டியது. விரலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

“வந்திருச்சுன்னா சரி” என்று சொல்லிவிட்டு, கப்பலுக்குச் செய்தி அனுப்பினார்.

கப்பல் போய்ச் சேர்ந்தபோது கொடுமுனையில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். மறுநாள் கப்பலின் ரேடியோவில் அந்த அறிவிப்பாளரைப் பேசவைத்தார்கள். செய்யது மீரான் என்று பெயர். அதே இருமல்.

“நான் போட்ட மடல் எதுவும் உங்களுக்கு வரலையா பாய்?”

“எப்படிம்மா வரும்? கருவியில வாங்குற பக்கம் உப்பரிச்சுப் போயிருச்சு. பேச மட்டும்தான் முடியும். இருட்டுக் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி பேசிக்கிட்டே இருந்தேன்.” இருமினார். “நீங்க எப்பலேர்ந்து கேட்டீங்க?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஏற்கெனவே ஒன்று சொன்னவள்தானே. ஆனால் வாய் வரவில்லை.

“ஆடியிலேர்ந்து.”

இரைச்சல் ஏறியது. அவள் குமிழைத் திருகிச் சரிசெய்தாள்.

“என் வீட்டுக்காரி ஜொஹரா போன வாரம்தான்மா போனா” என்றார் மீரான். “யாரும் கேக்கல, எதுக்கு இப்படித் தொண்டையக் கிழிச்சுக்கிறீங்கன்னு தினமும் சண்டை போடுவா. கடைசி நாள்கூட அதையேதான் சொன்னா. ஆடியிலேர்ந்தா கேட்டீங்க?”

“ஆமா பாய்” என்றாள் ஜெசிந்தா. “எல்லாத்தையும் கேட்டேன்.”